தார் ரோட்டைத் தாண்டாத தார்கள்

ஷோரூம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே போகிறார். வயது இருபத்தெட்டு இருக்கும். கூடவே இரண்டு நண்பர்கள். அடுத்த ஐந்து வருடத்துக்கு மாசாமாசம் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு இ.எம்.ஐ.க்குப் போகும் என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறார். அவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்த வரிசையில் வரும். கறுப்புக் கலர் எப்போது கிடைக்கும்? டச் ஸ்கிரீன் எத்தனை இஞ்ச்? அலாய் வீல் உண்டா? ஆன் ரோடு என்ன ஆகும்? கேட்காமல் விடும் கேள்வி ஒன்று இருக்கிறது: பின் ஆக்ஸிலில் டிஃப் லாக் இருக்கிறதா?

அவர் வாங்க வந்திருப்பது செடான் அல்ல. விளம்பரத்தில் பாறை மேல் ஏறி, ஆற்றைக் கடந்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருகிறதே, அந்த வண்டி. அந்தப் பாறையில் ஏற்றியது ஸ்கிரீன் அல்ல, கறுப்புக் கலரும் அல்ல. வண்டிக்கு அடியில், யாருமே குனிந்து பார்க்காத இடத்தில் இருக்கும் நாலைந்து இரும்புச் சாமான்கள்தான் ஏற்றின. அந்தச் சாமான் எந்த மாடலில் வருகிறது, எதில் வராது, அதற்குத் தனியாக எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரிக்காமல் பத்துப் பதினைந்து லட்சத்தைக் கொட்டுகிறவர்கள் இருக்கும் வரை, கம்பெனிகளும் அதற்குத் தகுந்த மாதிரிதான் விற்பார்கள். விற்கிறார்கள். இந்தப் பதிவின் சண்டை இருவரோடும்தான்.

முதலில் அந்த இரும்புச் சாமான்களைப் பார்த்துவிடுவோம். இது தெரியாமல் மேற்கொண்டு பேசினால் புரியாது.

கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இதற்கு வழி செய்வதுதான் டிஃபரன்ஷியல். ஆக்ஸிலின் நடுவே உருண்டையாகத் தொங்குமே, அதற்குள் இருக்கிறது. தார் ரோட்டில் இது ஒரு வரம். சேற்றில் இதுவே சாபம். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு பலத்தைத்தான் அனுப்பும். ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றுகிறது என்றால், அதைச் சுற்ற வைக்க எவ்வளவு சொற்ப பலம் போதுமோ அவ்வளவுதான் நல்ல தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் போய்ச் சேரும். வண்டி நகராது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும்.

'ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லையே' என்று நினைப்பவர்கள் உண்டு. இருக்கிறது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் அதற்குக் குறுக்கே ஒரு சக்கரம், இரண்டும் பிடி இழந்துவிட்டால் நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் இணைப்பு இருந்தும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். மேடுபள்ளமான மலைப்பாதையில் இது தினசரி நடக்கிற சமாசாரம். இங்கேதான் டிஃப் லாக் வருகிறது. இரண்டு பக்கத்தையும் ஒரே கம்பியாகப் பூட்டிவிடும். ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே தீர வேண்டும்.

இதற்கு ஒரு மலிவான மாற்றும் உண்டு. சும்மா சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நிறுத்தி, பலத்தை மறுபக்கம் தள்ளும் எலக்ட்ரானிக் வித்தை. ஏற்கெனவே வண்டியில் இருக்கும் ஏ.பி.எஸ். சாமான்களை வைத்தே செய்துவிடலாம் என்பதால் கம்பெனிகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஓரளவு வேலையும் செய்கிறது, மறுக்க முடியாது. ஆனால் சக்கரம் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். நீண்ட ஏற்றத்தில் விடாமல் வேலை வாங்கினால் பிரேக் சூடாகும். பூட்டு பூட்டுதான், பிரேக் பிரேக்தான்.

அடுத்தது லோ ரேஞ்ச். கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி. அதில் லோ போட்டால் சக்கரத்தின் வேகம் பாதிக்கும் கீழே குறையும், இழுவை அந்த அளவுக்குக் கூடும். ஜிம்னியில் இந்த விகிதம் ஏறத்தாழ இரண்டு. செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் நடை வேகத்தில் இறங்க முடிவது இதனால்தான். கொழுக்குமலைக்கு சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போனவர்களுக்குத் தெரியும். ரோடு என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது, வெறும் கல். பழைய மகிந்திரா ஜீப்புகள்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏறி இறங்குகின்றன. அவற்றில் டச் ஸ்கிரீன் இருந்ததாக யாரும் சொல்லவில்லை :-)

இப்போது கணக்குக்கு வருவோம்.

2020 அக்டோபர் 2ஆம் தேதி இரண்டாம் தலைமுறை மகிந்திரா தார் விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 9.80 லட்சம், ஷோரூம் விலை. அந்த விலைக்கு வந்த வண்டியில் பின்சீட்டுகள் எதிரெதிராகப் போட்ட பெஞ்சுகள், பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் ஃபோர் வீல் டிரைவ் இருந்தது, லோ ரேஞ்ச் இருந்தது. அன்றைக்கு எந்தத் தாரை வாங்கினாலும் இவை இரண்டும் கூடவே வந்தன. அந்த ஆரம்ப மாடல் சீக்கிரமே காணாமல் போனது. 2023 ஜனவரியில் ஆரம்ப விலை மறுபடி பத்து லட்சத்துக்குக் கீழே வந்தது, 9.99 லட்சம். இந்த முறை பின்சக்கரம் மட்டும்தான் ஓடும். அதே முகம், அதே உயரம், அதே மிடுக்கு. அடியில் குனிந்து பார்த்தால் பாதிச் சாமானைக் காணோம். அதற்குத்தான் ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது!

நியாயமாகச் சொல்வதென்றால், 2010இல் வந்த முதல் தாரிலும் டூ வீல் டிரைவ் இருந்தது. ஆனால் அது உழைக்கிற வண்டியாகப் பார்வைக்கே தெரிந்தது, யாரையும் ஏமாற்றவில்லை. 2023 வண்டி விற்றது தோற்றத்தை.

'வரியைக் குறைக்கத்தானே அப்படிச் செய்தார்கள்' என்று வக்காலத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பாதி உண்மை. நாலு மீட்டருக்குள் நீளம், டீசல் என்றால் 1500 சிசிக்குள் எஞ்சின், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் எஞ்சின். இதற்குள் வந்தால் குறைந்த வரி. தாரின் நீளம் 3985 மில்லிமீட்டர், அதனால் புதிதாக 1.5 லிட்டர் டீசல் எஞ்சினைப் போட்டார்கள். வரி இறங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் மாறிய ஜி.எஸ்.டி.யிலும் இதே எல்லைக்கோடுதான்: இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40. ஆனால் சட்டத்தில் இருப்பது நீளமும் சிசியும். எத்தனை சக்கரம் ஓட வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை கூடக் கிடையாது. 1.5 டீசலோடு டிரான்ஸ்ஃபர் கேஸையும் பின் லாக்கையும் கொடுத்திருந்தாலும் அதே குறைந்த வரிதான். 2023இல் அதைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் 2.2 லிட்டர் டீசல் ஃபோர் வீலை யார் வாங்குவார்கள் என்ற கவலையாக இருக்கலாம். வரிச் சட்டத்தின் தலையில் அந்தப் பழியைப் போட முடியாது.

அதே 2023 ஜனவரியில் இன்னொரு வேலையும் நடந்தது. பிரேக்கை வைத்துச் செய்யும் எலக்ட்ரானிக் ஏற்பாட்டை ஃபோர் வீல் தார்களில் கொண்டுவந்தார்கள். நிஜமான மெக்கானிக்கல் டிஃப் லாக், எல்.எக்ஸ். என்ற மேல் மாடலில், அதுவும் டீசல் ஃபோர் வீலில் மட்டும், கேட்டால் கிடைக்கும் ஆப்ஷனாகச் சுருங்கியது. பெட்ரோல் வாங்குகிறவருக்குக் கிடையாது. கீழ் மாடல் வாங்குகிறவருக்கும் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தத் தாரில் கீழ் மாடலுக்கு 16 இஞ்ச் சக்கரம், 245/75 டயர். மேல் மாடலுக்கு 18 இஞ்ச், 255/65. இரண்டாவது எண், டயரின் அகலத்தில் எத்தனை சதவீதம் அதன் பக்கச்சுவரின் உயரம் என்பதைச் சொல்கிறது. பெருக்கிப் பார்த்தால் கீழ் மாடலுக்கு சுமார் 184 மில்லிமீட்டர், மேல் மாடலுக்கு சுமார் 166. மணலில் போவதற்கு முன் காற்றை இறக்குவார்கள். முப்பதுக்கு மேல் இருப்பதைப் பதினெட்டு வரைக்கும் கொண்டுவருவார்கள். அப்போது டயர் தரையில் நன்றாகப் படர்ந்து உட்காரும். அதற்குப் பக்கச்சுவர் உயரமாக இருக்க வேண்டும். பாறையில் இடித்தால் அலாய் ரிம் அடிபடாமல் தப்பிப்பதும் அதே உயரத்தால்தான். ஆக, நல்ல டயர் வேண்டுமென்றால் லாக் கிடைக்காது, லாக் வேண்டுமென்றால் நல்ல டயர் கிடைக்காது. பெரிய ரிம் பார்க்க அம்சமாக இருக்கும் என்பதற்காகக் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு, வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அதில் ஒரு பிடி மண்ணைப் போடுகிறார்கள். வாங்குகிறவர் ரிம்மைத் தட்டிப் பார்த்துப் பூரித்துப் போகிறார்.

ஐந்து கதவு ராக்ஸ் வந்தபோது கணக்கு இன்னும் பச்சையாகத் தெரிந்தது. 2024 ஆகஸ்ட் 15இல் வந்தது. அறிமுக விலைகள் இவை, எல்லாம் டீசல், மேனுவல் கியர்: எம்.எக்ஸ்.1 மாடல் 13.99 லட்சம், பின்சக்கரம் மட்டும். எம்.எக்ஸ்.5, பின்சக்கரம் மட்டும், 16.99 லட்சம். அதே எம்.எக்ஸ்.5 ஃபோர் வீலோடு 18.79 லட்சம். ஃபோர் வீல் டிரைவின் விலை இங்கே 1.80 லட்சம். ஆனால் அதை ஆரம்ப மாடலில் போட்டுத் தரமாட்டார்கள். முதலில் சன்ரூஃப், அலாய் சக்கரம், லெதரெட் சீட் என்று 3 லட்சம் மேலே ஏறி வந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். வால்பாறை பக்கம் எஸ்டேட்டில் மழைக்காலத்தில் ஆள் ஏற்றிப் போகிறவருக்கு சன்ரூஃப் எதற்கு? அவருக்குத் தேவை 13.99 கூட்டல் 1.80. அப்படி ஒரு வண்டி விலைப்பட்டியலில் இல்லை. பெட்ரோல் ராக்ஸில் ஃபோர் வீலே அறிமுகத்தின்போது கிடையாது, எத்தனை லட்சத்தை நீட்டினாலும்.

இப்படித்தான் விற்க முடியும், தொழில் நடைமுறை அது, என்பார்கள். இல்லை. 2020இல் அமெரிக்காவில் ஃபோர்டு தன் புது பிராங்கோவை அறிவித்தபோது 'சாஸ்குவாட்ச்' என்று ஒரு பேக்கேஜ் வைத்தது. 35 இஞ்ச் டயர், முன்னும் பின்னும் டிஃப் லாக், அந்தப் பெரிய டயரைச் சுற்ற வைப்பதற்கேற்ற 4.7 ஆக்ஸில் விகிதம். அதை எந்த மாடலோடும் வாங்கலாம், இருப்பதிலேயே மலிவான மாடலோடும் கூட. ஸ்டீல் சக்கரத்தில் வருகிற ஏழைப் பிராங்கோவுக்குப் பணக்கார ஆக்ஸில்! ஒரே ஒரு குறை, அந்தப் பேக்கேஜ் வேண்டுமென்றால் ஆட்டோமேட்டிக் கியர்தான் எடுக்க வேண்டும் என்றிருந்தது. முன்பதிவு செய்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மேனுவலிலும் வேண்டும் என்று கூச்சல் போட்டார்கள். சில மாதத்திலேயே, அதே வருடம் அக்டோபரில், மேனுவலோடும் தருகிறோம் என்று ஃபோர்டு இறங்கி வந்தது. அங்கே வாங்குகிறவர்கள் கூச்சல் போட்டது கியர் பாக்ஸுக்காகவும் ஆக்ஸிலுக்காகவும். இங்கே கூச்சல் எல்லாம் டெலிவரி தேதிக்காக.

நம்மூரிலும் நேர்மையாக விற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று பாருங்கள். மாருதி ஜிம்னி 2023 ஜூனில் வந்தது. ஸீட்டா, ஆல்ஃபா என்று இரண்டே மாடல். இரண்டிலும் ஃபோர் வீல், இரண்டிலும் லோ ரேஞ்ச், இரண்டிலும் முன்னும் பின்னும் ஒரே துண்டான முரட்டு ஆக்ஸில். ஆல்ஃபாவில் கூடுதலாக வருவது பெரிய ஸ்கிரீன், அலாய், எல்.இ.டி. விளக்கு வகையறா. அதாவது அலங்காரத்துக்கு மட்டும் தனி விலை, உறுப்புக்கு இல்லை. இருக்க வேண்டிய முறை இதுதான். சில மாதங்களிலேயே லட்சக்கணக்கில் தள்ளுபடி கொடுத்துத் தள்ளிவிட வேண்டிய நிலை வந்தது. 105 குதிரைத் திறன் கொண்ட பெட்ரோல் எஞ்சின், நாலே சீட்டு, நாலே கியர் ஆட்டோமேட்டிக், இதற்கு 12.74 லட்சத்திலிருந்து விலையா என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் ஷோரூமிலிருந்து திரும்பிப் போனவர்களில் பாதிப்பேர் சொன்ன காரணம் அது இல்லை. 'கெத்தா இல்ல' என்பதுதான். இங்கே கெத்தா இல்லாத அதே ஐந்து கதவு ஜிம்னியை, குருகிராமில் செய்ததைக் கப்பலேற்றி, 2025 ஜனவரி இறுதியில் ஜப்பானில் 'நோமேட்' என்ற பெயரில் அறிமுகம் செய்தார்கள். மாதம் 1,200 விற்றால் போதும் என்பது திட்டம். நாலே நாளில் சுமார் 50,000 ஆர்டர் குவிந்து, ஆர்டர் எடுப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று.

ஃபோர்ஸ் கூர்க்கா கதையும் அப்படியே. முன்னும் பின்னும் டிஃப் லாக், மூச்சுக்குழாய், எல்லாம் கேட்காமலேயே வண்டியோடு வந்துவிடும். 2024இல் எஞ்சினை 140 குதிரைத் திறனுக்கு ஏற்றினார்கள். ஆட்டோமேட்டிக் மட்டும் தரவில்லை. அது ஒரு குறைதான், ஏன் என்று கீழே.

கியர் விஷயத்தில் வீண் வீறாப்பு நிறைய உலவுகிறது. 'ஆஃப்ரோடுன்னா மேனுவல்தான், ஆட்டோமேட்டிக் எல்லாம் ஊர் சுத்த' என்று டீக்கடையிலிருந்து யூடியூப் வரை ஒரே பாட்டு. ஏற்றத்தில், கல்லுக்கு நடுவே, பாதி கிளட்ச்சில் வண்டியைத் தாங்கிப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கருகல் வாசம் ஞாபகம் இருக்கும். டார்க் கன்வர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக்கில் இடையில் இருப்பது எண்ணெய். அது கருகாது, எஞ்சின் திடீரென்று அணையாது, மணலில் கியர் மாற்றும் அந்த அரை நொடியில் வேகம் செத்துப்போகாது. வளைகுடா நாடுகளில் மணல்மேடு ஏறும் லேண்ட் க்ரூஸர்களிலும் பட்ரோல்களிலும் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக்தான். அங்கே வேலை பார்க்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். மேனுவலுக்கு ஒரு இடம் இருக்கிறது, இறக்கம். லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டுக் காலை எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். பழுது பார்க்கவும் செலவு குறைவு. மலையிலேயே குடியிருந்து தினமும் ஓட்டுபவருக்கு மேனுவல். மாதம் ஒருமுறை போகிற, கிளட்ச் பழக்கம் அவ்வளவு இல்லாதவருக்கு ஆட்டோமேட்டிக். இதில் ஆண்மை, வீரம் எங்கே வந்தது? ஆனால் 2023 பின்சக்கரத் தாரில் அந்தத் தேர்வும் வாங்குகிறவர் கையில் இல்லை. டீசல் என்றால் மேனுவல் மட்டும், பெட்ரோல் என்றால் ஆட்டோமேட்டிக் மட்டும். கம்பெனி முடிவு செய்துவிட்டது, கையெழுத்துப் போட்டால் போதும்.

'நாங்க காட்டுக்கே போகப் போறதில்ல, ஸ்டைலுக்குத்தான் வாங்கறோம், உனக்கென்ன' என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். தாராளமாக வாங்கலாம், அவரவர் காசு. ஆனால் வாங்குவது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். லேடர் ஃப்ரேம் மேல் நிற்கிற உயரமான வண்டி, ஸ்பீடு பிரேக்கரில் குலுக்கும். மூன்று கதவுத் தாரில் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி ஏற வேண்டும், அம்மா அப்பாவை ஏற்றிப் பார்த்தால் தெரியும். நாலு பேர் உட்கார்ந்தால் பெட்டி வைக்க இடமில்லை. இத்தனையும் ஒருவர் சகித்துக்கொள்வது மலை ஏறுவதற்காக. மலை ஏறாத வண்டியில் இதையெல்லாம் சகித்துக்கொள்வது என்ன ஸ்டைலோ! அதே காசுக்கு சொகுசான கார்கள் வரிசையில் நிற்கின்றன.

மறுகோடி ஆசாமிகளும் உண்டு. 2023 டிசம்பரில் லாஹௌலில் சந்திரா ஆற்றுக்குள் ஒருவர் தாரை ஓட்டிப் போய் போலீஸிடம் அபராதம் வாங்கினார். 2024 ஜூனில் குஜராத் முந்த்ரா பக்கம் ரீல்ஸுக்காக இரண்டு தார்கள் கடலுக்குள் இறங்கி மாட்டிக்கொண்டன. தாருக்குக் கம்பெனி சொல்லும் நீர் எல்லை 650 மில்லிமீட்டர். அலைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

ஆகவே, பணம் கட்டுமுன் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். எந்தப் பாதையில், வருடத்தில் எத்தனை நாள் ஓட்டப்போகிறார் என்பது முதலில். பிறகு டயரும் ரிம்மும், பிறகு ஆக்ஸிலும் லாக்கும், பிறகு லோ ரேஞ்ச், பிறகு கியர். ஸ்கிரீனை வெளியே எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம், சீட் கவர் தைக்க ஊர் ஊருக்குக் கடை இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸை அப்படி மாட்ட முடியாது. பின்னால் டிஃப் லாக் வாங்கிப் போடலாம்தான், ஆனால் ஹவுசிங்கைப் பிரிக்க வேண்டும், வாரண்டி போகும் அபாயம் இருக்கிறது. தேவையான ஆக்ஸில் தேவையான மாடலில் இல்லையென்றால் அதை முன்பதிவுப் படிவத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். நூறு பேர் எழுதினால் விற்பனைப் பிரிவு படிக்கும், ஃபோர்டுக்காரர்கள் படித்தார்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு பைபாஸ் ரோட்டில் ஒரு சுற்று கூட்டிப் போவார்கள். அது போதாது. மண் தரை இருக்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, நியூட்ரலில் வைத்து, லோ ரேஞ்ச் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். தார் ரோட்டில் போடச் சொல்லக்கூடாது. இந்த வகை வண்டிகளில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது, பிடிப்பான ரோட்டில் திரும்பினால் உள்ளே முறுக்கிக்கொண்டு சாமான் கெடும். இது தெரியாமல் விற்பனையாளர் ரோட்டிலேயே போட்டு, ஸ்டீரிங்கையும் முழுக்க ஒடித்துத் திருப்பிக் காட்டினார் என்றால், அந்த டெமோ வண்டியைப் பிற்பாடு செகண்ட் ஹேண்டில் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காமல் இருப்பது நல்லது.